விரல் நுனியில் ஒரு சுழிப்பிழை

பள்ளி ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியைக் கையில் எடுத்த எவரும் சுழிப்பிழையை மறந்திருக்க மாட்டார்கள். இரு முகப்புகளும் ஒட்டியிருக்கும்போது கருவி பூச்சியத்தைக் காட்டவேண்டும். காட்டாவிட்டால், எவ்வளவு தவறிக் காட்டுகிறது என்று முதலில் குறித்துக்கொண்டு, பிறகு எடுக்கும் ஒவ்வோர் அளவிலும் அதைக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். இதைச் செய்ய மறந்த மாணவர் ஐந்து முறை அளந்து சராசரி எடுத்தாலும் சரி, ஐம்பது முறை அளந்தாலும் சரி, கம்பியின் விட்டம் தவறாகத்தான் வரும். தற்செயலாக நேரும் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். ஒரே பக்கமாகச் சாயும் பிழை ஈடாவதில்லை.

இந்தப் பாலபாடத்தை மருத்துவ உலகுக்கு நினைவூட்டிய ஓர் ஆராய்ச்சியைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். 2020 டிசம்பர் 17 அன்று நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அது வெளிவந்தது. முழுக் கட்டுரை என்றுகூடச் சொல்ல முடியாது. கடிதப் பகுதியில் இரண்டே பக்கம். எழுதியவர்கள் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஷோடிங்கும் அவருடைய தோழர்கள் நால்வரும். அண்மைக்கால மருத்துவ ஆராய்ச்சிகளில் இந்த இரண்டு பக்கம் கிளப்பிய அளவுக்கு விவாதத்தைக் கிளப்பியவை மிகச் சிலவே. அரசாங்கங்கள் விசாரணைக் குழு அமைத்தன. கருவிகளுக்கான விதிமுறைகள் திருத்தத்துக்கு வந்தன. எனக்கு அதன்மேல் பெருமதிப்பு உண்டு. அதேசமயம், இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் ஒரு மனக்குறையும் உண்டு. இரண்டையும் சொல்கிறேன்.

அவர்கள் செய்தது எளிய ஒப்பீடு. விரலில் கவ்வும் பல்ஸ் ஆக்சிமீட்டர், ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காடு ஆக்சிஜன் ஏற்றியிருக்கிறது என்று காட்டுகிறது. தமனியிலிருந்து ரத்தம் எடுத்து நேராக ஆய்வு செய்தும் இதே அளவைக் காணலாம், அதுவே நம்பகமானது. மருத்துவமனைப் பதிவேடுகளில், இரண்டும் 10 நிமிட இடைவெளிக்குள் எடுக்கப்பட்ட இணைகளை அவர்கள் தேடினார்கள். மிச்சிகன் மருத்துவமனையில் 2020 ஜனவரி முதல் ஜூலை வரை 10,789 இணைகள் கிடைத்தன. 2014, 2015ஆம் ஆண்டுகளில் 178 மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலிருந்து மேலும் 37,308 இணைகள். விரல் கருவி 92 முதல் 96 வரை காட்டிய அளவுகளை மட்டும் தனியே எடுத்தார்கள். அவற்றுள் ரத்த ஆய்வில் 88க்குக் கீழே இருந்தவை எத்தனை? அதாவது, கருவி கவலையில்லை என்று சொன்னபோது நோயாளி உண்மையில் ஆபத்தில் இருந்த தருணங்கள் எத்தனை?

மிச்சிகனில் வெள்ளையரிடம் எடுத்த 2,778 அளவுகளில் 99, இது 3.6 விழுக்காடு. கறுப்பினத்தவரிடம் எடுத்த 749 அளவுகளில் 88, இது 11.7 விழுக்காடு. 178 மருத்துவமனைகளின் தொகுப்பில் முறையே 6.2, 17.0. ஏறத்தாழ மும்மடங்கு.

கருவி எவ்வாறு வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் இந்த எண்களின் பொருள் விளங்கும்.

ஆக்சிஜன் ஏற்ற ரத்தம் பளிச்சென்ற சிவப்பு. இழந்த ரத்தம் கருஞ்சிவப்பு. 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியை ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் மிகுதியாக உட்கவர்கிறது. ஏற்ற ஹீமோகுளோபின் குறைவாக உட்கவர்கிறது. கண்ணுக்குப் புலப்படாத 940 நானோமீட்டர் அகச்சிவப்பில் நிலைமை தலைகீழ். ஆகவே இரண்டு ஒளிகளையும் மாறிமாறிச் செலுத்தி, மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்த்தால் ஆக்சிஜன் அளவைக் கணக்கிடலாம். ரத்தம் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் இருந்தால் இது பட்டப்படிப்பு மாணவர் செய்யும் சோதனைதான். விரலோ கண்ணாடிக் கிண்ணம் அன்று. தோல், சதை, எலும்பு, நகம், சிரைகளில் நிற்கும் ரத்தம் எல்லாமே ஒளியை விழுங்குகின்றன, சிதறடிக்கின்றன. தமனி ரத்தத்தின் பங்கை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது?

விடை கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் தாகுவோ அவோயாகி. அவர் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். ரத்தத்தில் சாயம் செலுத்தி, காது மடலில் ஒளி பாய்ச்சி, இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவைக் காண முயன்றார். ஒவ்வொரு நாடித்துடிப்பும் அவருடைய வரைகோட்டைக் குலைத்தது. அந்தத் தொல்லையை நீக்க வழி தேடும்போதுதான், துடிப்பது தமனி ரத்தம் மட்டுமே என்பதும், துடிக்கும் பகுதியைத் துடிக்காத பகுதியால் வகுத்தால் மற்றவையெல்லாம் தாமே நீங்கிவிடும் என்பதும் அவருக்குப் புலப்பட்டன. இது நடந்தது 1974இல். அதே பத்தாண்டில் அமெரிக்காவில் எட்டு அலைநீளங்களைக் கொண்டு அளக்கும் காதுக் கருவி ஒன்றும் விற்பனைக்கு வந்தது. அது கனமானது, விலையும் அதிகம். இரண்டே அலைநீளத்தில் வேலையை முடித்த ஜப்பானியரின் வழி வென்றது. உலகமே அவருடைய கருவியை விரலில் மாட்டிக்கொண்டிருந்த 2020 ஏப்ரலில் அவர் காலமானார்.

சிவப்பில் துடிக்கும் பகுதிக்கும் துடிக்காத பகுதிக்கும் உள்ள விகிதத்தை, அகச்சிவப்பில் உள்ள அதே விகிதத்தால் வகுக்கவேண்டும். கிடைக்கும் எண் 1 என்றால் ஆக்சிஜன் சுமார் 85 விழுக்காடு; 0.4 என்றால் சுமார் 100. இடையில் உள்ளவை ஏறக்குறைய ஒரு நேர்கோட்டில் அமையும்.

இங்கு வாசகருக்கு ஓர் ஐயம் எழவேண்டும். தோலின் நிறத்துக்குக் காரணமான மெலனின் துடிப்பதில்லையே. வகுத்தவுடன் அதுவும் நீங்கிவிட வேண்டுமே? கோட்பாட்டின்படி நீங்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கோட்பாடு, ஒளி ஒரே ஓர் அலைநீளம் கொண்டது என்றும் நேர்கோட்டில் செல்கிறது என்றும் எடுத்துக்கொள்கிறது. கருவியிலுள்ள ஒளியுமிழ் டையோடு 660இல் மட்டும் ஒளிர்வதில்லை. அதன் ஒளி அங்குமிங்குமாகச் சுமார் 20 நானோமீட்டர் அகலத்துக்குப் பரவியிருக்கிறது. மெலனின் குறுகிய அலைநீளங்களை அதிகமாகவும் நீண்டவற்றைக் குறைவாகவும் விழுங்கும். எனவே கருந்தோலைக் கடந்து வரும் சிவப்பு ஒளியின் நடுப்பகுதி நீண்ட அலைநீளத்தின் பக்கம் சற்று நகர்ந்துவிடுகிறது. அந்தப் பக்கத்தில்தான் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினின் உட்கவரும் திறன் சரேலென்று இறங்குகிறது. கருவிக்கு இது தெரியாது. சிவப்பு ஒளி குறைவாகவே விழுங்கப்பட்டிருக்கிறது, ஆகவே ஆக்சிஜன் நிறைய இருக்கிறது என்று அது முடிவு கட்டிவிடுகிறது. போதாததற்கு, கருந்தோல் வழியே வரும் ஒளியே குறைவு. கை சில்லிட்டு நாடி தளர்ந்த நோயாளியிடம் துடிக்கும் பகுதி மேலும் மெலிந்துபோகிறது. ஒளிச்சிதறலும் சேர்ந்தால் கணக்கு இன்னும் சிக்கலாகும்.

இத்தனைச் சிக்கல்களையும் சூத்திரத்தால் தீர்க்க முடியாது என்பதால், தயாரிப்பாளர்கள் வேறு வழியைக் கையாள்கிறார்கள். உடல்நலமுள்ள தொண்டர்களைப் படுக்கவைத்து, ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்கச் செய்து, தமனி ரத்தத்தை எடுத்து ஆய்வு செய்கிறார்கள். விரல் கருவி தந்த விகிதத்தையும் ரத்தம் தந்த உண்மை அளவையும் பக்கம் பக்கமாக எழுதி ஓர் அட்டவணை தயாரிக்கிறார்கள். அந்த அட்டவணைதான் கருவிக்குள் இருக்கிறது. நம் விரலை நுழைக்கும்போது கருவி நம்மை அந்தத் தொண்டர்களோடு ஒப்பிட்டுப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்கிறது. அவர்கள் யார், எந்த நிறத்தினர் என்ற கேள்வி எவ்வளவு முக்கியமானது என்பதை இனி விளக்கவேண்டியதில்லை.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2013இல் வெளியிட்ட நெறிமுறையின்படி குறைந்தது 10 பேரிடம் சோதித்தால் போதும். அவர்களுள் கருந்தோலினர் இருவராவது, அல்லது மொத்தத்தில் 15 விழுக்காடாவது, எது அதிகமோ அந்த அளவுக்கு இருக்கவேண்டும். எல்லோருடைய அளவுகளையும் சேர்த்துக் கணக்கிட்ட பிழை 3 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் கருவி தேர்ச்சி பெற்றுவிடும். பத்துப் பேரில் எட்டுப் பேருக்குச் சரியாகக் காட்டி, இருவருக்குத் தவறாகக் காட்டும் கருவியும் இந்தத் தேர்வில் எளிதாக வெற்றி பெறலாம். அந்த இருவரின் பிழை கூட்டத்தில் கரைந்துபோகும்.

ஷோடிங்கின் கடிதம் வெளியானதும் ஒரு தரப்பினர் சொன்ன சமாதானம் இது: கருந்தோலினரிடம் பிழை சராசரியாக ஒன்று அல்லது இரண்டு விழுக்காடுதானே, இதற்கா இத்தனை ஆரவாரம்? மறுதரப்பினர், மும்மடங்கு ஆபத்து என்று தலைப்பிட்டார்கள். நாளிதழ் படிப்பவருக்கு யாரோ ஒருவர் பொய் சொல்வதாகத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பிறகு கரும்பலகையில் கணக்கிட்டுப் பார்த்தேன். வாசகர்களும் செய்து பார்க்கலாம்.

கருவி 94 காட்டும் நோயாளிகள் பலரை எடுத்துக்கொள்வோம். அவர்களுடைய உண்மை அளவுகள் 93ஐ நடுவாகக் கொண்டு இருபுறமும் பரவியிருப்பதாகவும், திட்ட விலக்கம் 3 என்றும் வைத்துக்கொள்வோம். இயல்நிலைப் பரவல் அட்டவணையைப் பார்த்தால், 88க்குக் கீழே விழுபவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய ஐவர். இப்போது மற்றெதையும் மாற்றாமல் நடுவை மட்டும் ஒன்றரை விழுக்காடு கீழே இறக்குங்கள். 88க்குக் கீழே விழுபவர்கள் நூற்றுக்குப் பன்னிருவர் ஆகிவிடுவார்கள். இது நான் வசதிக்காக எடுத்துக்கொண்ட எண்களால் ஆன கணக்குத்தான். இருந்தாலும் சேதி தெளிவானது. ஒன்றரை விழுக்காடு என்றவரும் மும்மடங்கு என்றவரும் ஒரே மலையைத்தான் பார்த்தார்கள், ஒருவர் உச்சியை, மற்றவர் அடிவாரத்தை. நோயாளி இறப்பது அடிவாரத்தில். மருத்துவம் ஒரு வரம்புக்கோட்டை வைத்துக்கொண்டு, இன்ன எண்ணுக்குக் கீழே போனால் ஆக்சிஜன் கொடு, இன்ன மருந்தைக் கொடு என்று தீர்மானிக்கும்போது, சராசரியைக் காட்டிச் சமாதானம் சொல்வது பொருந்தாது.

கடிதத்தின் பெருமையை இங்குதான் காண்கிறேன். கருவியின் பிழை எவ்வளவு என்று அவர்கள் கேட்கவில்லை. கருவியை நம்பிய மருத்துவர் எத்தனை முறை ஏமாந்திருப்பார் என்று கேட்டார்கள். கேள்வியை மாற்றியதும் முப்பது ஆண்டுகளாகக் கண்ணில் படாதது கண்ணில் பட்டது.

கண்ணில் படாதது என்று சொல்வதும் முழு உண்மையன்று. 1990இலேயே அமால் ஜுப்ரான், மார்ட்டின் டோபின் என்ற மருத்துவர்கள், செயற்கைச் சுவாசத்தில் இருந்த 54 நோயாளிகளை ஆராய்ந்து இதைக் கண்டிருந்தார்கள். கருவிக்கும் ரத்த ஆய்வுக்கும் இடையே 4 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு, வெள்ளையரிடம் எடுத்த அளவுகளில் 11 விழுக்காட்டிலும் கறுப்பினத்தவரிடம் 27 விழுக்காட்டிலும் காணப்பட்டது. வெள்ளையருக்கு 92 என்று காட்டினால் போதும், கறுப்பினத்தவருக்கு 95 காட்டவேண்டும் என்று எழுதியும் வைத்தார்கள். 2005இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஃபிலிப் பிக்லரும் தோழர்களும் உடல்நலமுள்ளவர்களைக் கொண்டு ஆய்வுக்கூடத்திலேயே சோதித்து, கருந்தோலினரிடம் கருவி கூட்டிக் காட்டுவதையும், ஆக்சிஜன் இறங்க இறங்க அந்தப் பிழை வளர்வதையும் நிறுவினார்கள். இவை மறைவாக வந்தவை அல்ல. மருத்துவர்கள் படிக்கும் இதழ்களில் வந்தவை. படித்தார்கள், பக்கத்தைப் புரட்டினார்கள். 2020 ஆகஸ்டில் இந்தப் பழைய கட்டுரைகளைத் தேடியெடுத்து, இது ஏன் சரிசெய்யப்படவில்லை என்று பொதுமக்கள் படிக்கும் பத்திரிகையில் கேட்டவர் ஏமி மொரான்-தாமஸ். அவர் மருத்துவருமல்லர், பொறியாளருமல்லர். மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மானிடவியல் பேராசிரியர். அந்தக் கேள்விதான் மிச்சிகன் மருத்துவர்களைப் பதிவேடுகளைப் புரட்டவைத்தது.

உடல்நல ஏற்றத்தாழ்வு பற்றிய ஆராய்ச்சி என்றால் நமக்கு நினைவுக்கு வருவது வேறு வகை. பிரிட்டனில் 1980இல் வெளியான பிளாக் அறிக்கையைச் சொல்லலாம். பெயரைக் கண்டு மயங்கவேண்டாம். அது டக்ளஸ் பிளாக் என்ற மருத்துவரின் பெயர். இலவச மருத்துவம் கிடைத்த நாட்டிலும் கூலித் தொழிலாளரின் ஆயுள் மேல்தட்டினரின் ஆயுளைவிடக் குறைவாக இருப்பதை அது காட்டியது. வருமானம், வீடு, தொழில் என்று காரணங்களை மனிதருடைய வாழ்க்கையில் தேடிய மரபு அது. அம்மரபில் வந்த மார்கரெட் ஒயிட்ஹெட் அம்மையாரையே, மருத்துவக் கருவிகளில் உள்ள பாகுபாட்டை ஆராயும் குழுவுக்கும் பிரிட்டிஷ் அரசு தலைவராக்கியது. குழுவின் அறிக்கை 2024 மார்ச்சில் வெளிவந்தது. வாழ்க்கையை அளந்துகொண்டிருந்தவர்கள் அளவுகோலையே திருப்பிப் பார்க்கத் தொடங்கியதை நான் வரவேற்கிறேன். அளவுகோல் கோணலாக இருந்தால், ஏற்றத்தாழ்வு இருப்பதே பதிவேட்டில் ஏறாது. 94 என்று எழுதப்பட்ட கறுப்பின நோயாளி, 94 என்று எழுதப்பட்ட வெள்ளையருக்குச் சமமாகவே ஏட்டில் காணப்படுவார். அதை நம்பிப் புள்ளிவிவரம் தொகுப்பவருக்கு இருவரும் ஒரே நிலையில் இருந்தவர்கள்.

இனி என் மனக்குறை. கடிதத்தின் தலைப்பே இனத்தைச் சொல்கிறது. நோயாளிகள் தம்மை எந்த இனம் என்று சொன்னார்களோ அதுதான் பிரிவுக்கு அடிப்படை. எவருடைய தோலின் நிறத்தையும் யாரும் அளக்கவில்லை. பழைய பதிவேட்டில் இல்லாததை எப்படி அளப்பது என்று அவர்கள் கேட்கலாம், நியாயந்தான். ஆனால் இனம் என்பது பௌதிக அளவு அன்று. ஒளிக்குத் தெரிந்தது மெலனின்; குடிமதிப்பில் எழுதிய இனம் அதற்குத் தெரியாது. அமெரிக்காவில் கறுப்பினத்தவர் என்று தம்மைச் சொல்லிக்கொள்பவர்களுள் கோதுமை நிறத்தவர் முதல் கன்னங்கரியவர் வரை உண்டு. அத்தனை பேரையும் ஒரே பெட்டியில் போட்டுச் சராசரி எடுத்தால், கோதுமை நிறத்தவரின் சிறிய பிழையும் மிகக் கரியவரின் பெரிய பிழையும் கலந்துவிடும். சராசரி எதை மறைக்கும் என்று பிறருக்குக் கற்பித்தவர்களே அதே சராசரிக்குள் ஒரு காலை வைத்திருக்கிறார்கள்.

வேறு குறைகளும் சொல்லப்பட்டன. 10 நிமிடத்துக்குள் நோயாளியின் நிலை மாறியிருக்கலாம் என்பது ஒன்று. மாறியிருக்கலாம், ஆனால் அது இரு பிரிவினருக்கும் பொது. வேறுபாட்டை அது விளக்காது. ரத்தம் எடுத்து ஆய்வு செய்வது மோசமான நிலையில் உள்ளவர்களுக்குத்தான், கறுப்பினத்தவர்கள் இன்னும் மோசமான நிலையில் வந்திருக்கலாம் என்பது மற்றொன்று. இது வலுவான ஆட்சேபம். வயது, பால், இதய ரத்தவோட்ட நிலை ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தும் முடிவு பெரிதும் மாறவில்லை என்கிறார்கள். அதைவிட, நோயே இல்லாதவர்களிடம் சான்ஃபிரான்சிஸ்கோ ஆய்வுக்கூடம் கண்ட பிழையும் அதே திசையில் இருந்தது என்பதுதான் எனக்கு நிறைவளிக்கும் விடை. ஆக, பிழை இருப்பதில் ஐயமில்லை. அதன் அளவைத்தான் இனத்தின் பெயரால் சொல்லக்கூடாது என்கிறேன்.

இதை வெறும் சொற்பூசல் என்று தள்ளிவிட முடியாது. 2022இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் ஐந்து மருத்துவமனைகளின் கோவிட் நோயாளிகளை ஆராய்ந்தார்கள். வெள்ளையரோடு ஒப்பிட, கருவி கறுப்பினத்தவருக்கு 1.2 விழுக்காடும் ஆசியருக்கு 1.7 விழுக்காடும் கூட்டிக் காட்டியது என்றும், இதனால் கறுப்பினத்தவரும் ஸ்பானிய வழியினரும் சிகிச்சைக்கு உரியவர்கள் என்று அறியப்படுவதே தாமதமாயிற்று அல்லது அறியப்படாமலே போயிற்று என்றும் கண்டார்கள். மிக முக்கியமான வேலை. ஆனால் ஆசியர் என்றால் யார்? சியோலில் பிறந்தவரும் ஆசியர், சிவகங்கையில் பிறந்தவரும் ஆசியர். அந்த 1.7 இவர்களுள் யாருடைய எண்? அந்தப் பெட்டிக்குள் நம்மையும் போட்டு மூடியிருக்கிறார்கள் என்பதால்தான் எனக்கு இந்த ஆத்திரம்.

ஆத்திரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2021 மே மாதம் என் சித்தப்பாவுக்குக் கோவிட் வந்தது. மருத்துவமனைகளில் படுக்கை கிடைக்காத வாரங்கள் அவை. மருந்துக்கடையில் மும்மடங்கு விலை கொடுத்து வாங்கிய ஒரு விரல் கருவியோடு அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மூன்று மணிக்கொரு தடவை அளந்து நோட்டில் எழுதினேன். 95, 94, 94, 95, 93, 94. அறுபது வருடம் வெயிலில் நின்ற உடம்பு. தோல் நல்ல கறுப்பு. அரசு வழிகாட்டுதலின்படி 93க்கு இறங்கினால்தான் நடுத்தர நோய். 90க்குக் கீழே தீவிர நோய். நான்காம் நாள் மாலை, "மெஷின் நல்லாத்தான் சொல்லுது தம்பி, எனக்குத்தான் முடியலை" என்றார். "94 இருக்கு சித்தப்பா, பயப்படாதீங்க" என்றேன். இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன் சொன்ன ஆறுதல். மறுநாள் பகலில்தான் படுக்கை கிடைத்தது. எட்டாம் நாள் அவர் போய்விட்டார்.

கருவியின்மேல் பழிபோட என்னிடம் சான்று எதுவும் இல்லை. அன்று அவர் தமனியிலிருந்து யாரும் ரத்தம் எடுக்கவில்லை. உண்மை அளவு 94ஆகவே இருந்திருக்கலாம், 89ஆகவும் இருந்திருக்கலாம். ஒரு மனிதரைக் கொண்டு ஒரு பிழையை நிறுவவும் முடியாது. அந்தக் கடிதம் அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்பே வெளிவந்துவிட்டது, அமெரிக்க நிர்வாகம் பிப்ரவரியிலேயே எச்சரிக்கை விடுத்துவிட்டது, நான் இரண்டையும் அறியாமல் இருந்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன். அந்த எச்சரிக்கையில் தோலின் நிறம் பற்றியும் சொல்லியிருந்தார்கள். பொதுவாகவே, கருவி 90 காட்டினால் உண்மை அளவு 86 முதல் 94 வரை எதுவாகவும் இருக்கலாம் என்றும், ஒற்றை எண்ணை நம்பாமல் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கவேண்டும் என்றும், மூச்சுத்திணறல் முதலிய அறிகுறிகளைக் கருவிக்காக ஒதுக்கிவிடக்கூடாது என்றும் இருந்தது. இதைப் படித்துவிட்டுக் கருவியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அது இல்லாமல் இருப்பதைவிட இருப்பது எவ்வளவோ மேல். அதன் பேச்சைக் கேட்கும்போது நோயாளியின் பேச்சையும் கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

சரி, சுழிப்பிழையைக் கழிப்பதுபோல், கருந்தோலினருக்கு மூன்று விழுக்காடு கழித்துக்கொண்டால் என்ன என்று என் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. திருகு அளவியின் சுழிப்பிழை எந்தக் கம்பியை அளந்தாலும் ஒன்றே, ஆகவே கழிக்கலாம். இந்தப் பிழை ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒரே ஆளிடமும் ஆக்சிஜன் இறங்கும்போது வளர்கிறது. கை சில்லிட்டால் மாறுகிறது. கருவிக்குக் கருவி வேறுபடுகிறது. கறுப்பினத்தவர் எல்லோருக்கும் மூன்றைக் கழித்தால், பிழையே இல்லாத பலருக்குத் தேவையற்ற ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு, ஆறு விழுக்காடு பிழையுள்ள சிலரை மீண்டும் தவறவிடுவோம். இனத்தைக் கழிப்பதற்கு ஒரு சூத்திரம் இல்லை. தோலை அளந்து தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் கருவி வேண்டும். கூடுதல் அலைநீளங்களைக் கொண்டு அதைச் செய்ய இயலாது என்று எந்த இயற்பியல் விதியும் சொல்லவில்லை.

2025 ஜனவரியில் அமெரிக்க நிர்வாகம் புதிய நெறிமுறைக்கு ஒரு வரைவு வெளியிட்டது. பத்துப் பேர் என்பது 150 பேர் ஆகிறது. தோலின் நிறத்தை அளவுகோல் வைத்துப் பதிவு செய்யவேண்டும். வெளிர், இடைப்பட்ட, கருநிறப் பிரிவினர் ஒவ்வொருவரும் போதிய எண்ணிக்கையில் இருக்கவேண்டும். நான் கேட்டது ஏறக்குறைய இதுதான்: இனத்தின் இடத்தில் நிறம். ஆனால் இது மருத்துவமனைகள் வாங்கும், மருத்துவக் கருவியாக அனுமதி பெற்ற ஆக்சிமீட்டர்களுக்கானது. பொது நலப் பொருள் என்று சொல்லிக் கடைகளிலும் வலைத்தளங்களிலும் விற்கப்படும் மலிவான விரல் கருவிகளை அந்த நிர்வாகம் சோதித்து அனுமதிப்பதில்லை. நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

சித்தப்பாவுக்கு வாங்கிய கருவி இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. சென்ற மாதம் அதையும் மாணவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த மூன்று கருவிகளையும் ஒரே மாணவனின் நான்கு விரல்களில் மாட்டிப் பார்த்தோம். ஒரே நேரத்தில் 99, 97, 98, 95 என்று காட்டின. கருவிகளை விரல் மாற்றி மாட்டினோம். எண்கள் கருவியோடு போயின, விரலோடு நிற்கவில்லை. பிறகு நான்கு அட்டைப்பெட்டிகளையும் மேசைமேல் வைத்து, அச்சிட்டிருந்ததை ஒவ்வொருவராக உரக்கப் படிக்கச் சொன்னேன். 70 முதல் 100 வரை, கூடுதல் குறைவு 2 விழுக்காடு என்று நான்கிலும் இருந்தது. யாரை அளந்து அந்த 2 கிடைத்தது என்று எதிலும் இல்லை.